தரகர் யார் பக்கம்?

தேனி மாவட்டத்தில் ஒரு தோட்டம் கைமாறினால் பத்திரத்தில் விற்றவர் பெயர் இருக்கும், வாங்கியவர் பெயர் இருக்கும், சாட்சிகள் இருவர் கையெழுத்து இருக்கும். இவர்களையெல்லாம் ஓரிடத்தில் கொண்டுவந்து உட்காரவைத்த மனிதரின் பெயர் மட்டும் எங்கும் இராது. கம்பம், கூடலூர், உத்தமபாளையம், சின்னமனூர் எங்கும் நில வியாபாரத்தின் நடுநாயகம் அவர்தான். அவர் யாருக்காக வேலை செய்கிறார் என்று கேட்டால், விற்பவர் "எனக்காக" என்பார். வாங்குபவரும் அதையே சொல்வார். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

தரகரைக் குறை சொல்வதற்கு முன் அவர் செய்யும் வேலையை மதிக்க வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் நிலம் என்பது வெறும் மண் அல்ல. கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு, அந்தப் பங்குக்கு எந்த நாளில் மோட்டார் போடலாம் என்ற வாய்மொழி ஏற்பாடு, தாத்தா பெயரிலேயே கிடக்கும் இலவச மின் இணைப்பு, பக்கத்துக்காரர் வரப்பை ஒட்டிப் போகும் வண்டிப்பாதை எல்லாம் சேர்ந்துதான் விலைக்கு வருகின்றன. முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் பாயும் 14,707 ஏக்கர் இருபோக நஞ்சைக்கு ஒரு விலை, பதினெட்டாம் கால்வாயை நம்பிய நிலத்துக்கு ஒரு விலை, மலையடிவார மானாவாரிக்கு வேறு விலை. பட்டாவிலும் சிட்டாவிலும் இதில் பாதிகூடத் தெரியாது.

குடும்பக் கணக்கும் தரகருக்குத்தான் தெரியும். பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் பங்கு தந்த தமிழ்நாட்டின் 1989 திருத்தத்துக்கும் மத்திய அரசின் 2005 திருத்தத்துக்கும் பிறகு, திருப்பூரில் வாழ்க்கைப்பட்ட தங்கையை விட்டுவிட்டு எழுதிய கிரயம் பின்னாளில் வழக்காகலாம். அந்தத் தங்கை எங்கே இருக்கிறார், அண்ணனோடு பேச்சுவார்த்தை உண்டா, யார் போய்ச் சொன்னால் கையெழுத்துப் போடுவார் என்பதை அறிந்தவர் தரகர். குமுளி, கம்பம்மெட்டு வழியாக இறங்கிவந்து நிலம் தேடும் மலையாளிகளுக்குத் தமிழ்ப் பத்திரத்தைப் படித்துச் சொல்பவரும் பெரும்பாலும் அவரே. இந்த அலைச்சலுக்குக் கமிஷன் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை.

அவரிடம் உள்ள இன்னொரு சரக்கு விலை பற்றிய அறிவு. இதில்தான் சிக்கல். பல பத்திரங்களில் அரசின் வழிகாட்டி மதிப்பே எழுதப்படுகிறது. உண்மையில் கைமாறிய தொகை எழுதப்படுவதில்லை. அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாய்க்கோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டம் தடுத்திருந்தும் இந்தப் பழக்கம் ஒழியவில்லை. வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் இப்போது எவரும் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் போன மாதம் பக்கத்துத் தோட்டம் உண்மையில் என்ன விலைக்குப் போனது என்பது அதில் இராது. அது தரகரின் வாயில்தான் இருக்கிறது. அந்த விலையை யாரிடம் சொல்வது, யாரிடம் மறைப்பது என்ற முடிவும் அவருடையதே.

வழக்கமாக இரு தரப்பிலும் ஒன்று அல்லது இரண்டு சதவீதம் கமிஷன். விற்பவருக்கு விலை ஏற வேண்டும், வாங்குபவருக்கு இறங்க வேண்டும். இருவரிடமும் கூலி வாங்குபவர் இருவருக்காகவும் பேரம் பேச முடியாது. பேரம் முடிய வேண்டும் என்பதற்காக மட்டுமே பேச முடியும். கமிஷன் எவ்வளவு என்று இரு தரப்புக்கும் தெரிந்திருக்கும் வரை இதையாவது பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது வேறொன்று. "அண்ணே, கைக்கு எவ்வளவு வந்தா குடுப்பீங்க?" என்று கேட்டு ஒரு தொகையை வாங்கிக்கொள்வது, அதற்கு மேல் கிடைப்பதையெல்லாம் தானே வைத்துக்கொள்வது. ஏக்கர் 40 லட்சம் என்று உரிமையாளர் சொல்கிறார், வாங்குபவரிடம் 48 லட்சம் சொல்லப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் நிற்கும் 8 லட்சம் எந்தக் கமிஷன் கணக்கிலும் வராது. விற்பவரையும் வாங்குபவரையும் கிரய நாள் வரை சந்திக்கவிடாமல் பார்த்துக்கொள்வது இதற்காகத்தான். தரகர் அந்த நிமிடத்தில் தரகராக இல்லை. தன் பணத்தைப் போடாத வியாபாரியாகிவிட்டார்.

இதன் அடுத்த படி, சிறு தொகையை முன்பணமாகக் கொடுத்து, ஆறு மாதத் தவணைக்கு ஒப்பந்தம் போட்டு, கெடு முடிவதற்குள் நிலத்தை மூன்றாமவருக்குத் தள்ளிவிடுவது. நிலம் தொடர்பான கிரய ஒப்பந்தங்களைப் பதிவு செய்தாக வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் சட்டம் இருந்தும் முத்திரைத்தாளோடு நின்றுபோகும் ஒப்பந்தங்கள் இல்லாமல் இல்லை. மதுரை–போடி ரயில் பாதை அகலப்படுத்துவதற்காக மூடப்பட்டு, 2022 மே மாதம் தேனி வரைக்கும் 2023 ஜூன் மாதம் போடி வரைக்கும் மறுபடி ரயில் வந்தது. ரயில் வந்தால் நில விலை ஏறும் என்று காத்திருக்கும் இத்தகைய காலங்களில், விலை எங்கே போகும் என்று அறிந்தவருக்கும் அறியாத சம்சாரிக்கும் இடையில் ஆறு மாதத் தவணை என்பது பெரிய ஆயுதம்.

ஒப்பந்தத்தோடு நில்லாமல் பொது அதிகாரப் பத்திரமும் வாங்கிக்கொண்டால் ஆபத்து இன்னும் கூடுகிறது. 2011 அக்டோபரில் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம், அதிகாரப் பத்திரத்தால் உரிமை மாறாது, பதிவு செய்த கிரயப் பத்திரமே உரிமையை மாற்றும் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எனினும் உரிமையாளர் கொடுத்த பவரைக் கொண்டு அவர் சார்பில் விற்க முகவரால் முடியும். அந்தப் பணம் முழுதும் உரிமையாளர் கைக்கு வந்ததா என்பது தனிக் கேள்வி.

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா? 150 ஆண்டுகளாக இருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 182-ஆம் பிரிவு முதல் முகவர் உறவைப் பற்றிய விதிகள் வருகின்றன. முகவராவதற்கு எழுத்துப் பத்திரம் கட்டாயமில்லை. டீக்கடையில் சொன்ன சொல்லும் போதும். 213-ஆம் பிரிவின்படி கேட்டால் கணக்குக் காட்ட வேண்டும். 216-ஆம் பிரிவின்படி, உரிமையாளருக்குத் தெரியாமல் முகவர் தன் கணக்கில் வியாபாரம் செய்து பெற்ற லாபத்தை உரிமையாளர் கேட்டு வாங்கலாம். மேலே கிடைப்பது உனக்கு என்று உரிமையாளர் தெரிந்தே ஒப்புக்கொண்டிருந்தால் நிலைமை வேறு. தெரியாமல் இருந்தால் அந்த 8 லட்சத்தைக் கேட்க அவருக்கு வழி உண்டு. ஆனால் என்ன பேசப்பட்டது என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாதபோது எந்த நீதிமன்றத்தில் எதைக் காட்டுவார்?

2016-இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் முகவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது; மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். ஆனால் அது பதிவுக்குரிய மனைப்பிரிவு, அடுக்குமாடித் திட்டங்களோடு நின்றுவிடுகிறது. தேனியைச் சுற்றிப் பெரிய அளவில் மனை போட்டு விற்பவருக்குப் பொருந்தும் அந்தக் கட்டுப்பாடு, திராட்சைத் தோட்டத்தையும் தென்னந்தோப்பையும் விற்றுத்தரும் தரகரைத் தொடுவதில்லை. விவசாய நிலமே பெருஞ்சொத்தாக உள்ள பள்ளத்தாக்கில் இது பெரிய ஓட்டை.

இத்தனைக்கும், இடையாள் எப்படி இருக்கலாம் என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. போடிநாயக்கனூரில் நடக்கும் ஏலக்காய் மின்னணு ஏலத்தில் விவசாயிக்காக விற்றுத்தரும் நிறுவனங்கள் நறுமணப் பொருள் வாரியத்திடம் உரிமம் பெற்றவை. எந்தக் குவியல் என்ன விலைக்குப் போகிறது என்பதை அரங்கில் உள்ளவர்கள் திரையில் பார்க்கிறார்கள். அங்கும் குறைகள் உண்டு. ஏலம் போன காயே மறுபடி ஏலத்துக்கு வருகிறது என்பது விவசாயிகளின் நெடுநாள் புகார். ஆனாலும் இடையாள் யார், யாருக்காக விற்கிறார் என்பதில் மயக்கம் இல்லை. ஏலக்காய் விற்கும்போது இவ்வளவு வெளிச்சம் கேட்கிற சம்சாரி, அது விளையும் தோட்டத்தையே விற்கும்போது இருட்டை ஏற்றுக்கொள்கிறார்.

சிங்கப்பூரில் ஒரே முகவர் ஒரே விற்பனையில் இரு தரப்புக்கும் நிற்பதை 2010-ஆம் ஆண்டின் சட்டத்தையொட்டித் தடை செய்துவிட்டார்கள். அமெரிக்காவில் நீண்ட வழக்குக்குப் பின், 2024 ஆகஸ்ட் முதல், வீடு வாங்க வருபவரை அழைத்துப்போய்க் காட்டுவதற்கு முன்பே அவரோடு முகவர் எழுத்து ஒப்பந்தம் போட வேண்டியிருக்கிறது. சிங்கப்பூர் விதியை அப்படியே கம்பத்துக்குக் கொண்டுவர முடியாது. ஒரு கிராமத்தில் நிலம் அறிந்தவர் ஒருவரோ இருவரோதான். ஆளுக்கொரு தரகர் வைத்துக்கொள்வது நடக்காது. அமெரிக்க ஏற்பாட்டில் உள்ள எழுத்து மட்டும் இங்கே உடனே சாத்தியம்: தரகர் யாருக்காகப் பேசுகிறார், யாரிடம் எவ்வளவு வாங்குகிறார், உரிமையாளர் சொன்ன விலை என்ன என்று இரு தரப்பும் கையெழுத்திடும் ஒரு பக்கக் கடிதம்.

இதில் தரகருக்கும் லாபம் உண்டு. நிலத்தைக் காட்டி, பத்திரங்களைச் சரிபார்த்து, பங்காளிகளைச் சமாதானப்படுத்திய பிறகு, விற்பவரும் வாங்குபவரும் தமக்குள் பேசிக்கொண்டு அவரைக் கழற்றிவிடுவது அடிக்கடி நடக்கிறது. 219-ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் வேலை முடிந்த பிறகே கூலி. வேலையை முடித்தது தான்தான் என்று காட்ட அவரிடமும் இப்போது எந்த எழுத்தும் இல்லை. அந்த ஒரு பக்கக் கடிதம் இருந்தால், மேல் விலை வைக்கும் வாய்ப்பு போனாலும், உழைத்த கமிஷனைக் கேட்டு வாங்கும் உரிமை அவர் கையில் நிற்கும்.