செங்காவிப் பட்டை

கலிஃபோர்னியாவின் செக்வோயா தேசியப் பூங்காவுக்கு நண்பர்களோடு காரில் போகிறவர்கள், கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மலையேறி, காரைவிட்டு இறங்கியதும் செய்கிற முதல் வேலை அண்ணாந்து பார்ப்பது. சுமார் 84 மீட்டர் உயர ஜெனரல் ஷெர்மன் என்ற செக்வோயா மரத்தை வேறெப்படிப் பார்ப்பது! எனக்கென்னவோ கண் மட்டத்தில் இருக்கும் பட்டைதான் பிடித்திருக்கிறது. செங்காவி நிறம். பாதையோர மரத்தைத் தொட்டுப் பாருங்கள். தேங்காய் நார் மாதிரி மெத்தென்று விரலுக்கு இடம் கொடுக்கும். தட்டினால் சத்தத்தை விழுங்கிவிடும். அடிமரத்தில் அரை மீட்டருக்கு மேலும் தடிக்கிற இந்தப் பட்டையில் பிசின் குறைவு, தீ எளிதில் பற்றாது. பற்றிய இடத்தில் கரிய வடு. அதன் இரு ஓரங்களிலிருந்தும் புதுப்பட்டை அவசரமே இல்லாமல் உருண்டு வந்து மூடிக்கொண்டிருக்கிறது.

கூடாரம் போட்ட இரவில், கரடிக்குப் பயந்து சாப்பாட்டைப் பூட்டிவைக்கும் இரும்புப் பெட்டிகளின் டமால் சத்தம் ஓய வெகுநேரமாகும். (பற்பசையையும் அதற்குள்தான் வைக்க வேண்டும், கரடிக்கு அந்த வாசனையும் பிடிக்கும்.) விடிந்ததும் வேறு சத்தம். உச்சாணியில் அணில் கடித்துப் போடும் பச்சைக் கூம்புகள் தரையில் ‘டொக்’கென்று விழும். உள்ளங்கையில் அடங்கும் கூம்பு; உள்ளே ஊதினால் பறக்கும் விதைகள். இத்தனை பெரிய மரத்துக்கு வேர் ஆழமில்லை, மேலாகத்தான் பரவுகிறது. மிதித்தால் மண் இறுகிப்போகும். அங்கே போனால் வேலியைத் தாண்டாதீர்கள்.