சட்டைவாவா, சட்டைவமா?

நெல் 'ஒரைசா சட்டைவா'. பட்டாணி 'பைசம் சட்டைவம்'. முள்ளங்கி 'ரஃபானஸ் சட்டைவஸ்'. மூன்றையும் உருப்போட்டிருப்பீர்கள். ஈறு ஏன் மாறுகிறது? இதை விளக்காமல் பட்டியல் மட்டும் தரும் பாடநூல்கள்மீதே என் குறை.

மூன்றும் ஒரே லத்தீன் பெயரடைதான். தமிழில் 'நல்ல' என்பது மகனுக்கும் மகளுக்கும் மாறுவதில்லை. லத்தீனிலோ பெயரடை, பெயர்ச்சொல்லின் பாலுக்கேற்ப ஈறு மாறும். ஒரைசா பெண்பால், ரஃபானஸ் ஆண்பால், பைசம் இரண்டிலும் சேராதது. இவ்வளவு தெரிந்தால் மனப்பாடச் சுமை எவ்வளவோ குறையும்!

விதைத்தலைக் குறிக்கும் 'செரெரெ' என்ற வினையிலிருந்து பிறந்த சொல் இது. ஆனால், 'விதைக்கப்படுவது' என்று நேராகப் பெயர்த்தால் இடறும். 1753இல் லின்னேயஸ் குங்குமப்பூச் செடிக்கும் 'குரோக்கஸ் சட்டைவஸ்' என்றே பெயரிட்டார். அதுவோ வித்தே தராதது. கிழங்கை நட்டுத்தான் வளர்க்கிறார்கள். 'பயிரிடப்படுவது' என்பதே பொருத்தம்.