200 கிராம் பொடியும் ஒரு மரமும்

2025 வேதியியல் நோபல் அறிவிப்பு வந்த அன்னைக்கு, எங்க குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் நான் ஒரு வரி போட்டேன். "200 கிராம் பொடி, ஒரு மரம் ஒரு வருஷத்துல இழுக்கிற 20 கிலோ கரியமில வாயுவை இழுத்துடும்." ராத்திரி சாப்பிடும்போது பொண்ணு கேட்டா: "அப்போ மரம் எதுக்குப்பா?"

சட்டுன்னு பதில் வரலை. அந்த வரி செய்திகளில் படிச்சது. நான் சரிபார்க்கவே இல்லை. அதனால மூலக் கட்டுரையின் எண்களை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிடுவோம். ஓமர் யாகி, அம்மானில் பாலஸ்தீன அகதிக் குடும்பத்தில் 1965-ல் பிறந்தவர். சுசுமு கிடகவா, ரிச்சர்ட் ராப்சன் ஆகியோரோடு நோபலைப் பகிர்ந்துகொண்டார். உலோக முடிச்சுகளைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்து, நடுவில் வெற்றிடம் விட்டு, சாரம் கட்டுற மாதிரி படிகம் கட்டலாம் என்று காட்டியவர்கள் இவர்கள். 1999-ல் யாகி குழு வெளியிட்ட எம்.ஓ.எஃப்-5-ன் உட்பரப்பு, கிராமுக்கு சுமார் 2,900 சதுர மீட்டர். சில கிராமுக்குள் ஒரு கால்பந்து மைதானம்!

எனக்கு முதல் நெருடல் இந்த மைதானத்தில்தான். மென்பொருளில் பெஞ்ச்மார்க் எண்ணைக் காட்டி ஏமாத்துறது எங்களுக்குப் பழக்கம். பரப்பளவை அளக்கிறது பெரும்பாலும் மைனஸ் 196 டிகிரியில், நைட்ரஜனை வைத்து. புகைக்கூண்டில் அந்தக் குளிர் கிடையாது, ஈரம் உண்டு. எம்.ஓ.எஃப்-5 ஈரக்காற்று பட்டாலே சிதையும். கனடாவின் கால்கரியில் உருவான கால்ஃப்-20-ன் பரப்பு சுமார் 500 சதுர மீட்டர்தான். ஆனா சிமென்ட் ஆலைப் புகையில் சோதனைக்குப் போனது அதுதான். மைதானத்தை மட்டும் பார்த்திருந்தா அதைக் கழிச்சுக் கட்டியிருப்போம்.

இப்போ மரத்துக்கு வருவோம். அந்தப் பொடி சி.ஓ.எஃப்-999. யாகி குழு 2024-ல் வெளியிட்டது. இதில் உலோகமே இல்லை. வாயுவைப் பிடிக்கிறது துளைகளுக்குள் பொருத்திய அமீன்கள். 50 சதவீத ஈரப்பதத்தில், காற்றில் இருக்கும் அளவு செறிவில், கிராமுக்கு 2.05 மில்லிமோல் பிடிக்குது. அதாவது 90 மில்லிகிராம். 200 கிராம் பொடிக்கு ஒரு சுற்றில் 18 கிராம்.

20 கிலோவுக்கு எத்தனை சுற்று? சுமார் 1,100. தினம் மூணு தடவை, வருஷம் முழுக்க, லீவே இல்லாம. கட்டுரையில் சோதித்தது 100-க்குச் சற்று மேற்பட்ட சுற்றுகள். அதில் திறன் குறையவே இல்லை, நிஜமாவே நல்ல விஷயம். ஆனா 100 தாண்டினதை வைத்து 1,100-ஐ எழுத முடியாது. வறண்ட காற்றில் பிடிப்பு 0.96 மில்லிமோல், சுற்றுகள் இரட்டிப்புக்கு மேல ஆயிடும்.

இன்னொன்று. ஒரு கன மீட்டர் காற்றில் கரியமில வாயு முக்கால் கிராம் அளவுதான். 20 கிலோவுக்குக் குறைஞ்சது 27,000 கன மீட்டர் காற்றை விசிறி வச்சுத் தள்ளணும். ஒவ்வொரு சுற்றிலும் பொடியை 60 டிகிரிக்குச் சூடாக்கணும். வெளிவரும் வாயுவை எங்கேயாவது பூட்டி வைக்கணும். மரம் இதையெல்லாம் வெயிலில் செஞ்சு, கட்டையாவே மாத்தி வச்சுடுது.

குறை யாகியின் வேதியியலில் இல்லை. 60 டிகிரி என்பதே பெரிய முன்னேற்றம். ஆலைகளின் கழிவு வெப்பமே போதுமானதாக இருக்கலாம். குறை, "மரம்" என்ற அலகில். அது விசிறியையும் வெப்பத்தையும் கணக்கிலிருந்து மறைச்சிடுது. என் பொண்ணு கேட்ட கேள்வி அந்த அலகிலிருந்து நேரா வர்றதுதான்.

குழுவில் திருத்தம் போட்டாச்சு. முதல் வரிக்கு வந்த லைக்கில் பாதிகூட இதுக்கு வரலை. மேலே உள்ள கணக்கில் தப்பு இருந்தா சொல்லுங்க, திருத்திக்கிறேன்.