அட்டை செருகிய பியானோ

திருவண்ணாமலையில் மார்கழி விடியலில் ஒலிபெருக்கி வழியே திருவெம்பாவை வரும். மாணிக்கவாசகர் இந்த ஊரில் பாடியது என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. பக்கத்து வீட்டுச் சிறுமி ஒலிநாடாவைக் கேட்டே அதைப் பாடம் பண்ணியவள். நாடாவில் பாடியவர் மூச்சு வாங்கிய இடத்தில்தான் அவளும் மூச்சு வாங்குவாள், சொல் இரண்டாக உடைந்தாலும். பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரீஸ் தெலாஜின் ‘ராகமாலிகா’வைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவள் நினைவு வருகிறது.

தெலாஜ் (1879–1961) ராவெலின் மாணவர், நண்பர். தெபுஸியின் ஓபராவைக் கேட்ட பிறகே இசையமைக்கத் துணிந்தவர். 1911–12இல் இந்தியா வந்தார். பாடகி கோயம்புத்தூர் தாயியின் குரல் அவரைப் பிடித்துக்கொண்டது. தாயி இசைத்தட்டில் பாடிய அருட்பா ராகமாலிகையை ஏறக்குறைய முழுதாகவே சுரப்படுத்தி, பியானோ சேர்த்து, ‘தமிழ்ப் பாட்டு’ என்று துணைத்தலைப்பும் கொடுத்தார். சொற்களைப் பிரெஞ்சில் பெயர்க்கவில்லை. தமிழையே ரோமன் எழுத்தில் வைத்தார். கீழைநாட்டு வாசனைக்காக நாலு சுரத்தை அள்ளித் தெளித்துப் பெயர் வாங்கியவர்கள் மலிந்திருந்த காலத்தில் இது பெரிய மரியாதை.

அதைவிட எனக்குப் பிடித்தது ஒரு சின்ன வேலை. பியானோவின் கீழ்ப்பகுதியில் பி ஃபிளாட் தந்திகளுக்கு அடியில் அட்டைத் துண்டைச் செருகச் சொல்கிறார். கணீரென்று ஒலிக்க வேண்டிய சுரம் அடைபட்டு, தோல்வாத்தியத்தில் கை விழுவதுபோல் ‘தொம்’ என்று இறங்குகிறது. அமெரிக்காவில் இசையமைப்பாளர் ஜான் கேஜ் பியானோவுக்குள் திருகாணி செருகுவதற்குப் பல ஆண்டுகள் முந்திய காரியம் இது. தாளத்தின் எண்ணிக்கையோடு தோலின் ஒலியையும் கேட்ட காது அது.

ஆனால் அந்தக் காது கேட்டது இசைத்தட்டை. அன்றைய தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம்தான். ராகத்தை விரிக்க இடமில்லை. தொட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். தாயி கச்சேரியில் அப்படிப் பாடியிருக்க மாட்டார். மறுநாள் பாடினால் அதே சங்கதியும் வந்திருக்காது. இயந்திரம் வைத்த நெருக்கடியைத் தெலாஜ் பாட்டின் இலக்கணமாக எழுதிவிட்டார். கமகம் சின்னச் சின்ன சுரங்களாக உடைந்து தாளில் உட்கார்ந்துவிட்டது. தாளைப் பார்த்துப் பாடும் சொப்ரானோ ஒவ்வொரு படியையும் சுத்தமாக மிதித்துப் போகிறார். படிகளுக்கு நடுவே இருந்த வழுக்கல் போய்விடுகிறது.

அவருடைய ‘நான்கு இந்துக் கவிதைகள்’ (1912) இந்தக் குறையை வேறு வழியில் கடந்தது. பாடகருடன் புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், யாழ், நான்கு வில்தந்திகள் கொண்ட சிறு குழு. முதல் பாட்டுக்கு ‘மதராஸ்’ என்று பெயர். உள்ளே இருப்பது சமஸ்கிருதக் கவிஞர் பர்த்ருஹரியின் பாடல், பிரெஞ்சு மொழிபெயர்ப்பில். ‘லாகூர்’ பாட்டில் இருப்பதோ ஜெர்மானியக் கவிஞர் ஹைனேயின் தனிமரம்! ஊர்ப்பெயர்கள் பயணியின் கடிதத்தில் விழுந்த தபால் முத்திரைகள், அவ்வளவுதான். இதை நான் குறையென்றே சொல்வேன்.

ஆனாலும் இசை என்று வந்தால் ‘லாகூர்’தான் அவர் எழுதியதில் உயர்ந்தது. செல்லோக்காரர் தடித்த தந்தியின் சுருதியை இறக்கி, ஒருமுறை மீட்டி, அந்த நாதம் அடங்குவதற்குள் விரலைச் சறுக்குகிறார். சிதார் கலைஞர் இம்தாத் கானின் தட்டில் கேட்ட இழுப்பு அது. அங்கே பெயர்த்து எழுதியது சுரத்தை அல்ல, விரலின் வேலையை. அதனால் ஐரோப்பியக் கையிலும் அது உயிரோடு வருகிறது. முடிவில் குரல் வாய்மூடி முனகும் இடம் இருக்கிறதே, சொப்ரானோ பாடகி டான் அப்ஷாவின் 1991 பதிவில் அதைக் கேட்க வேண்டும். சொல்லே இல்லாததால் அவருக்கு உச்சரிப்புச் சங்கடமும் இல்லை.

‘ராகமாலிகா’வுக்கு இன்னொரு பதிவு வேண்டும் என்பது என் ஆசை. கர்நாடக சங்கீதம் கற்ற ஒரு பெண் பாடட்டும். பியானோவில் அட்டை அப்படியே இருக்கட்டும். தாளில் சுரமாக உடைந்து கிடப்பதை அவர் கமகமாகச் சேர்ப்பாரா, எழுதியபடியே விடுவாரா என்று கேட்க வேண்டும்.