யாருடைய நேரத்துக்குப் பரிசு?

ஆய்வு செய்து படைக்கிற கலைஞர்களுக்குப் பரிசு, நல்கை என்று இன்று பல அமைப்புகள் பணம் தருகின்றன. முடிந்த படைப்புக்கு மாலை போடுவதல்ல இது. அலைச்சலுக்கும் தேடலுக்கும் கொடுக்கிற கூலி. நல்ல காரியந்தான். ஆனால் எது ஆய்வு, யார் ஆய்வாளர் என்று முடிவு செய்கிற அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

நாஞ்சில் நாட்டுச் சேரியில் நம்ம பாட்டா சொன்னா அது பழங்கத. அதையே வெளியூர் சார் ஒருத்தர் பதிவு பண்ணி எழுதினா ஆய்வு. சார் ஆய்வாளர், பாட்டா வெறும் 'தகவலாளி'. பரிசுக்கான விண்ணப்பமும் இந்தப் பிரிவினையைத்தான் காப்பாத்துது. திட்டவரைவு கேட்குது, ஏற்கனவே செய்த காட்சிகளின் பட்டியல் கேட்குது, பெரும்பாலும் ஆங்கிலத்தில் கேட்குது. 1995 முதல் நல்கை தந்துவரும் பெங்களூர் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் த ஆர்ட்ஸ் இந்திய மொழிகளிலும் விண்ணப்பங்களை ஏற்கிறது. சரிதான். கதவு திறந்திருக்கிற சேதி நம்ம தெருவுக்கு வந்து சேரணுமே!

மாற்று எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2022-ல் ஹாசல்பிளாட் விருது பெற்ற ஒளிப்படக் கலைஞர் தயனிதா சிங், 'பாரி' என்கிற ஊரக இந்திய மக்கள் காப்பகத்தோடு சேர்ந்து ஆவண ஒளிப்படத்துக்கு ஒரு விருதை ஏற்படுத்தினார். அதே ஆண்டில் முதல் விருது மதுரைக்காரர் எம். பழனிக்குமாருக்குக் கிடைத்தது. திவ்யபாரதி இயக்கிய 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர் அவர். மலக்குழியில் செத்தவர்களின் குடும்பங்களைத் தேடித்தேடிப் போனவர். ராமநாதபுரம் மாவட்டம் பாரதிநகர்ப் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுப்பதைப் படமாக்கியவர். சாவுக்குப் பிறகு அந்த வீட்டில் மிச்சமிருக்கிற முகங்களையும் அவருடைய கேமரா பார்க்கிறது. திரும்பத்திரும்பப் போய் நிற்காமல் அந்தப் பார்வை வராது. அப்படிப் போய் நிற்பதுதான் ஆய்வு. விருது அதை மதித்தது. உழைக்கிறவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் ஒளிப்படம் கற்றுக்கொடுப்பது இன்னும் முக்கியம். பார்க்கப்படுகிறவர்களே பார்க்கிறவர்களாக மாறுகிற இடம் அது.

நம்ம மாவட்டத்துக்கு வருவோம். தோள்சீலைப் போராட்டத்தின் 200-ஆம் ஆண்டு விழா 2023-ல் நாகர்கோவிலில் நடந்தது. இரண்டு மாநில முதல்வர்களும் வந்தார்கள். 1859 அறிவிப்பை எல்லாரும் சொல்லுகோம். அதற்கு நாலு வருசம் முன்னால், 1855-ல் திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதை எத்தனை பேர் சொல்லுகோம்? புலையரையும் பறையரையும் மாடுபோல விற்று வாங்கின மண் இது. ரிங்கல்தௌபே பாதிரியாரைத் தென் திருவிதாங்கூருக்கு அழைத்த மயிலாடி வேதமாணிக்கம் சாம்பவர். மிஷன் வரலாற்றில் பாதிரியார் முன்னால் நிற்கிறார், வேதமாணிக்கம் பின்னால் நிற்கிறார். லண்டன் மிஷன் சங்கத்தின் காகிதங்கள் லண்டனில் சோவாஸ் நூலகத்தில் கிடக்கின்றன. அடிமைப்பட்டவர்களின் நினைவு இங்கே கிழவிகளின் வாயில் கிடக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்து ஒரு பிள்ளை ஓவியமாகவோ நாடகமாகவோ செய்யணும்னா, ஒரு வருசம் கூலிவேலைக்குப் போகாமல் இருக்கணும். அந்த ஒரு வருசச் சோறுதான் நமக்கு நல்கை. இதில் பிச்சை எதுவும் இல்லை.

ஆகவே கேட்போம். நினைவைத் தருகிறவர்களுக்கும் திட்டச் செலவில் பங்கு வேணும், படைப்பில் பெயர் வேணும். நடுவர் குழுவில் தலித்துகள் உட்காரணும். டெல்லியிலோ கொச்சியிலோ காட்சிக்கு வைப்பதற்கு முன்னால், கதை கேட்ட தெருவில், தமிழில், அந்தப் படைப்பைக் காட்டணும். தப்பு இருந்தால் அங்கே உள்ள கிழவிகள் சொல்லுவாங்க. ஒரு நடுவர் குழுவால் கண்டுபிடிக்க முடியாத தப்பாகவும் அது இருக்கும்.