1851 லண்டன் பொருட்காட்சியும் பரங்கிப்பேட்டை இரும்பும்

1851 மே 1 முதல் அக்டோபர் 15 வரை லண்டன் ஹைடு பூங்காவில் நடைபெற்ற மாபெரும் பொருட்காட்சியை அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கண்டனர். அதில் இந்தியாவின் பங்கு என்றதும் கோகினூர் வைரமும், பாடம் செய்யப்பட்ட யானையின் மீதிருந்த அம்பாரியும் நினைவுகூரப்படுகின்றன. தொழில் வரலாற்றில் அதைவிட முக்கியமான ஒரு தொடர்பு கடலூர் மாவட்டத்தில் உள்ளது.

பரங்கிப்பேட்டை ஆலை

பிச்சாவரத்துக்கு வடக்கே, வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் உள்ள பரங்கிப்பேட்டையில் 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் இரும்பாலை தொடங்கினார். இவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாண அலுவலராக இருந்தவர். கம்பெனியின் கடனும் தனியுரிமையும் அவருக்குக் கிடைத்தன. தாது சேலம் பகுதியிலிருந்து வந்தது, எரிபொருள் மரக்கரி. ஊதுலைகளின் பசிக்கு ஈடாகக் கரி கிடைப்பது அரிதாயிற்று. ஆலை இலாபத்தில் நிலைக்கவில்லை.

ஷெஃபீல்டு எஃகு

தென்னிந்திய எஃகை ஆராய்ந்த ஹீத், எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். இதனால் மலிவான இரும்பிலிருந்தும் நல்ல எஃகு செய்ய முடிந்தது. ஷெஃபீல்டு ஆலைகள் முறையில் சிறு மாற்றம் செய்து, உரிமைத்தொகை தராமலே அதைப் பயன்படுத்தின. வழக்கு நீண்டது. பொருட்காட்சி நடந்த 1851இலேயே ஹீத் இறந்தார். 1855இல் பிரபுக்கள் சபை அவர் தரப்புக்கு எதிராகவே தீர்ப்பளித்தது.

மதிப்பீடு

பொருட்காட்சி மூலப்பொருள், இயந்திரம், உற்பத்திப் பொருள், நுண்கலை என நான்கு பெரும் பிரிவுகளாக வகுக்கப்பட்டது. ஷெஃபீல்டு தன் எஃகால் தொழில்நகரமாகப் பெருமை பெற்றது. இந்தியாவோ தாதுக்களும் கைவினைப் பொருள்களும் தரும் நாடாகவே பார்வையாளர் மனத்தில் பதிந்தது. தென்னிந்திய அனுபவம் ஷெஃபீல்டு எஃகுக்குள் கலந்திருந்ததைக் காட்ட அந்த வகைப்பாட்டில் இடமே இல்லை.

அதற்காக ஹீத்தை நம் தொழில்துறையின் தந்தை எனப் போற்றுவதும் பொருந்தாது. அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சிற்றுலைகளில் எஃகு உருக்கிய தமிழகக் கொல்லர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. காப்புரிமை இழந்த ஹீத்துக்கு வழக்காட நீதிமன்றமாவது இருந்தது; அவர்களுக்கு அதுவும் இல்லை.

பொருட்காட்சிப் பட்டியலைப் படிக்கும் மாணவர் இரண்டு கேள்விகளை எழுப்ப வேண்டும்: இந்தப் பொருள் யாருடையது? இதைச் செய்யும் அறிவு யாருடையது? ஷெஃபீல்டு எஃகைப் பொறுத்தவரை இரண்டுக்கும் ஒரே விடை கிடையாது.