பழைய டைப்ரைட்டர்: படம் பார்த்து வாங்குவது எப்படி?

இந்தியாவில் இணையத்தில் விலைக்கு வரும் பழைய டைப்ரைட்டர்களில் பெரும்பாலானவை ரெமிங்டன், கோத்ரெஜ், ஹால்டா, ஃபேசிட் என்ற நான்கு பெயர்களுக்குள் அடங்கிவிடும். கோத்ரெஜ் தன் முதல் டைப்ரைட்டரை 1955இல் வெளியிட்டு, 2009இல் தயாரிப்பை நிறுத்தியது. எனவே ‘பிரிட்டிஷ் காலத்து ஆன்டிக்’ என்று விலையேற்றும் விளம்பரத்தின் படத்தில் கோத்ரெஜ் பெயர் தெரிந்தால், கதை அங்கேயே முடிந்துவிடுகிறது.

படத்தில் முதலில் பார்க்க வேண்டியது பெயின்ட். சிவப்பு, நீலம் என்று பளபளக்கும் புதுப் பூச்சின் கீழே துருவும் இருக்கலாம், அழிந்துபோன கம்பெனி முத்திரையும் இருக்கலாம். இதைவிட, மூடப்பட்ட டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டிலிருந்து வரும் பொறி மேல். பார்வைக்குச் சுமாராக இருக்கும். விசைகளில் எழுத்து தேய்ந்திருக்கும். ஆனால் மெக்கானிக் கைபட்டு, நாள்தோறும் ஓடிய பொறி அது. தூசு பரவாயில்லை, துடைத்தால் போய்விடும். எழுத்துக்கம்பிகளிலும் ஸ்பிரிங்குகளிலும் செந்துரு தெரிந்தால் விட்டுவிடுவதே நல்லது.

படத்தைவிட நம்பத்தக்கது பொறி அடித்துக் காட்டிய தாள். ஆங்கிலப் பொறியானால் எல்லாச் சின்ன எழுத்துகளையும், ஷிப்ட் அழுத்திப் பெரிய எழுத்துகளையும் ஒரே வரியில் அடித்து வீடியோ அனுப்பச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே அடிக்கோட்டில் நிற்க வேண்டும். பெரிய எழுத்து ஏறியோ இறங்கியோ நின்றால் ஷிப்ட் சரியில்லை. வரி முடியுமுன் மணி அடிக்கிறதா, தாளைத் தாங்கும் கேரேஜ் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அளவு நகர்கிறதா என்பதும் அதே வீடியோவில் தெரியும். ரப்பர் உருளை நகத்துக்குச் சற்றும் இளகாமல் கல்லாக இறுகியிருந்தால் சத்தம் கூடும், தாள் வழுக்கும்.

தமிழ்ப் பொறிக்குச் சோதனை வேறு. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா தமிழ் டைப்ரைட்டரை வடிவமைத்தபோது கையாண்ட வழிகளில் ஒன்று நகரா விசை: புள்ளிக்கான விசையை அழுத்தினால் குறி தாளில் விழும், கேரேஜ் மட்டும் நகராது. ‘பிச்சாட்டூர்’ என்று அடிக்கச் சொன்னால் போதும். அந்த ஒரு சொல்லில் புள்ளி மூன்று முறை வருகிறது. ச, ட, ர மூன்றின் தலையிலும் அது நேராக உட்கார்ந்தால் பொறி ஒழுங்காக இருக்கிறது. பிச்சாட்டூர் போன்ற தமிழக-ஆந்திர எல்லை ஊர்களில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: எழுத்து தெரியாத வியாபாரி தெலுங்குப் பொறியைத் தமிழ் என்றும், தமிழைத் தெலுங்கு என்றும் எழுதிவிடுவதுண்டு. விசைப்பலகையின் நெருக்கப் படம் இல்லாமல் விலை பேசக் கூடாது.

பணத்தில் விதி எளிது. தளத்தின் வழியாகவோ, பொருளைப் பார்த்த பிறகோதான் கொடுக்க வேண்டும். அட்வான்ஸ் அனுப்பச் சொல்லி அவசரப்படுத்துபவர், ராணுவ அடையாள அட்டையின் படத்தைக் காட்டி நம்பச் சொல்பவர் இருவரையும் விட்டு விலகலாம். பணம் திரும்ப வரும் என்று சொல்லி க்யூஆர் கோடு அனுப்பினாலும் அதே பதில்தான். யுபிஐயில் பணம் பெற யாரும் பின் நம்பர் போட வேண்டியதில்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழைக்க வேண்டும்.

நல்ல பொறிகள் பல கெடுவது கூரியரில்தான். மேசைப் பொறி ஏறத்தாழ 15 கிலோ கனம். பெட்டி ஒரு பக்கமாக விழுந்தால் கேரேஜின் முனை முறியும். விற்பவர் கேரேஜை நடுவில் நிறுத்திக் கயிற்றால் கட்ட வேண்டும்; பொறியைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, குமிழ் உறை போட்டு, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு அட்டைப்பெட்டிகளில் வைக்க வேண்டும். தெர்மகோல் உருண்டைகளை உள்ளே கொட்டவே கூடாது. அவை எழுத்துக்கம்பிகளுக்கிடையே புகுந்துகொள்ளும். சென்னையில் இருக்கும் பொறியென்றால், பிச்சாட்டூர்க்காரர் ஊத்துக்கோட்டை வழியே பஸ்ஸில் போய் அடித்துப் பார்த்து எடுத்து வருவது எந்தக் கூரியரையும்விடப் பாதுகாப்பு.

கூரியரில் வந்த பெட்டியைப் பிரிப்பதை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்து வைத்தால், சேதத்துக்குப் பணம் கேட்க அது உதவும். கேரேஜைக் கட்டிய கயிற்றை அவிழ்த்த பிறகே விசைகளைத் தொட வேண்டும். ரிப்பன் காய்ந்திருந்தால் அது குறையாகாது. அரை அங்குல ரிப்பன் இன்றும் கிடைக்கிறது.